வீட்டோடு ஆளையும் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் படமெடுக்க வரும் இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், புரொடக்‌ஷன் மேனேஜர்கள், கலை இயக்குநர்கள், கேமராமேன்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவன். பானாசோனிக் எம்-3000 கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, பின்னால் ஒரு பையன் சன்கன் லைட்டைப் பிடித்தபடி ஓடிவர, மாப்பிள்ளை அழைப்பை வி.எச்.எஸ். கேசட்டில் பதிந்துகொடுத்த காலத்தில் தொழிலுக்கு வந்தேன். இன்றைக்கு ட்ரோன் விட்டு வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, மேலிருந்து காட்டாவிட்டால் பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். இந்த இடைவெளியில் நீங்கள் எத்தனையோ தடவை வந்து போய்விட்டீர்கள். உங்கள் ஜெனரேட்டர் வண்டிக்கு வழிவிட்டுத் திண்ணை ஓரம் ஒதுங்கி நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

உங்களால் ஊருக்கு வரும்படி உண்டு, அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு யூனிட் வந்து இறங்கினால் லாட்ஜில் அறை கிடைக்காது. மெஸ்காரர் கூடுதலாக ஓர் அண்டா ஏற்றுவார். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் ஆட்டோ நிற்காமல் ஓடும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே உங்கள் கலை இயக்குநரின் ஆட்கள் வந்து பெட்டகம், ஊஞ்சல் பலகை, எனாமல் கேரியர், சட்டம் போட்ட ரவிவர்மா படம் என்று அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தத் தெருக் கடைக்காரர் யாரிடமாவது ‘உங்க நாற்காலி எந்தப் படத்துல வருது’ என்று வாயைக் கொடுத்துவிட்டால், வாங்கிவந்த டீ ஆறிப்போகும். அத்தனை கதை வைத்திருப்பார்.

வீடுகளுக்கும் உங்களால் நன்மைதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று நீளும் வீடுகளைக் கட்டிக் காப்பது லேசான காரியமா? பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்பு என்றால் வந்து கூடித் திறப்பார்கள். மற்ற நாளில் பூட்டுத்தான். ஒரு மழைக்காலம் ஓடு மாற்றாமல் விட்டால் மேல்மாடியில் தண்ணீர் இறங்கி, பர்மாத் தேக்கு உத்தரத்தைப் பிடித்துவிடும். உங்கள் வாடகையில் ஓடு மாற்றிய வீடுகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் உங்களுக்குச் சொல்லும் நன்றி உண்மையானது.

ஆனால் வீடுகளை நீங்கள் நடத்துகிற விதம் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் என்பது தொழிற்சாலையில் அச்சடித்த டைல்ஸ் அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. எண்பது வருஷம் நடந்து நடந்து மினுமினுப்பேறிய தரை. அதில் டிராலித் தண்டவாளத்தை வெறுமனே போட்டுத் தள்ளினால் கீறல் விழும். அதே பூவைத் திரும்ப ஊற்றிக் கொடுக்க ஆத்தங்குடியில் ஆள் இருக்கிறார்கள், அதே பழுப்பை எங்கே வாங்குவது? சுவர் விஷயமும் அப்படித்தான். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கிய பூச்சு. ஒரே ஓர் ஆணி அடித்தால் அந்த இடம் பெயர்ந்து வரும். ஒட்டுப்போட்டால் ஒட்டு தனியாகத் தெரியும். டிராலிக்கு அடியில் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரியுங்கள். ஆணிக்குப் பதிலாக ஸ்டாண்டு வையுங்கள். இதற்கு உங்கள் பட்ஜெட்டில் காசே ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கதைகளில் இந்த வீட்டு முகப்பில் எப்போதும் ஒரு ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்கட்டில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இடைவேளைக்கு முன்னால் நடு வளவில் ஒரு பிணமாவது விழுகிறது. இதைக் கட்டியவர்கள் யார்? ரங்கூனிலும் சைகோனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்துப் பேரேடு புரட்டியவர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, தன் வீடு வந்த படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க ஐயாக இந்த வளவுல குரலை ஒசத்திப் பேசுனதே கெடையாது. இவுக இத்தன பேரை வெட்டிப் போட்டுட்டுப் போயிருக்காக, தரையக் கழுவ எத்தன நாளாகும்?” அதையும் மதுரை என்று காட்டியிருந்தீர்கள். தஞ்சாவூர் என்றும் காட்டுவீர்கள், திருநெல்வேலி என்றும் காட்டுவீர்கள். காரைக்குடி காரைக்குடியாக வந்த படங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஊர்ப் பெயர் வராதது பெரிய வருத்தம் என்று நினைக்க வேண்டாம், கதைக்கு எந்த ஊர் வேண்டுமோ அது உங்கள் இஷ்டம். என் வருத்தம் வேறு. நீங்கள் எங்களை வீடாக மட்டும் பார்க்கிறீர்கள். வீடு கொடுக்கிற ஊர், கூட்டத்தில் நிற்க ஆள் கொடுக்கிற ஊர், மிஞ்சிப்போனால் கோழிக் குழம்பு நன்றாக இருக்கும் ஊர். இங்கே படம் எடுக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள் என்ற நினைப்பே உங்களுக்கு வருவதில்லை.

பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இன்னோவாவில் வருகிற உதவி இயக்குநர் தம்பிகள் யாரைக் கேட்டாலும் முழிக்கிறார்கள்.

ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கத்தில் பிறக்கவில்லை. இங்கே பிறந்தது. காரைக்குடிக்காரரான மெய்யப்ப செட்டியார் அதற்கு முன்பே கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் செய்து, 1935-ல் ‘அல்லி அர்ஜுனா’வில் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு ‘சபாபதி’யும் ‘ஸ்ரீவள்ளி’யும் எடுத்து நிமிர்ந்தவர். யுத்தம் முடிந்த கையோடு, சென்னையில் புதிதாக ஒரு ஸ்டுடியோவுக்கு மின்சாரம் வாங்குவது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில், சொந்த ஊர்ப் பக்கம் வந்தார். ஊருக்கு வெளியே தேவகோட்டை ரஸ்தாவில் இடம் பிடித்து, கொட்டகை போட்டு ஸ்டுடியோ ஆக்கினார். நடிகர்கள், பாட்டுக்காரர்கள், தச்சர், பெயிண்டர், சமையல்காரர் எல்லாரும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். அங்கே எடுத்த ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில் வெளிவந்தது. டி.ஆர். மகாலிங்கம் நடித்தார், குமாரி கமலா ஆடினார். வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை, அதற்குள் ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்று பாரதியின் பாட்டு டி.கே. பட்டம்மாள் குரலில் தியேட்டர் தியேட்டராக ஒலித்தது. அந்தப் பாட்டுக்கு ஆடிய காட்சி படமானது எங்கள் செம்மண்ணில் நின்ற கொட்டகையில். 1948-ல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஸ்டுடியோ போன பிறகும் இங்கிருந்து சினிமாவுக்கு ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். சிறுகூடல்பட்டியிலிருந்து கண்ணதாசன். அவர் அண்ணன் ஏ.எல். சீனிவாசன் தயாரிப்பாளர். அதே குடும்பத்துப் பஞ்சு அருணாசலம். 1976-ல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்தவர். ஏவி.எம். எடிட்டிங் அறையில் தொழில் பழகி இயக்குநரான எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர், ரஜினியை வைத்து மட்டும் 25 படம். இராம நாராயணன் பல மொழிகளில் நூற்றுக்கு மேல் படம் எடுத்ததோடு, 1989-ல் காரைக்குடித் தொகுதியிலேயே எம்.எல்.ஏ. ஆனார். பாம்பையும் குரங்கையும் யானையையும் நடிக்கவைத்தவருக்கு சட்டமன்றம் ஒன்றும் புதிதாக இருந்திருக்காது என்று இங்கே கிண்டல் பேசுவார்கள். எல்லாம் பிரியத்தில்தான்.

இவர்கள் எல்லாரும் இங்கிருந்து ரயிலேறிப் போனவர்கள். இன்றைக்கும் அதே கதைதான். விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில் போய்ப் பாருங்கள். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே, மடியில் ஒரு பையை அணைத்துக்கொண்டு, அதில் ஒரு லேப்டாப்பும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஸ்கிரிப்டும் வைத்துக்கொண்டு யாராவது ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். சாலிகிராமத்தில் நாலு பேரோடு ஓர் அறை, வளசரவாக்கத்தில் ஒரு டீக்கடை, யாரோ ஒரு அண்ணனின் அலுவலக வாசல். அந்த அலுவலகத்தின் யூனிட்டே அதே மாதத்தில் இவன் தெருவில் வந்து ஷூட்டிங் நடத்திக்கொண்டிருக்கும். இவன் அங்கே வாசலில் நிற்பான். இந்தக் கூத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

போகாதவர்கள் இங்கேயே எடுக்கிறார்கள். 2009-ல் கலைஞர் டி.வி.யில் ‘நாளைய இயக்குநர்’ வந்ததிலிருந்து இந்த ஊர்ப் பையன்களுக்குக் கிறுக்கு ஏறிவிட்டது. மதுரைக்கார கார்த்திக் சுப்புராஜ் அதில் குறும்படம் எடுத்துத்தான் சினிமாவுக்குள் போனார் என்றால் நமக்கென்ன குறைச்சல் என்று ஒரு தெம்பு. முதலில் என் கடைக்கு வந்து, “அண்ணே, ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இல்லையே, கேமரா சும்மாதானே இருக்கு?” என்பார்கள். இப்போது அதுவும் வேண்டாம், போன் போதும். மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன் கேமராமேன். அழகப்பாவில் படிக்கிற பெண் எடிட்டிங். சவுண்டுக்கு என்னிடம் கழுத்து மைக் வாங்கிப்போவார்கள், திருப்பித் தரும்போது கிளிப் உடைந்திருக்கும். கதாநாயகனின் அம்மாவாக நடிக்க இட்லிக் கடை அக்கா வருவார், மாவு அரைக்கிற நேரம் தவிர. என்ன கதை என்கிறீர்கள்? பெரும்பாலும் பேய்தான். பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டில் பேய். வேறு என்ன தோன்றும், சுற்றிலும் பூட்டிய வீடு?

இங்கேதான் சிக்கல். பேய்ப் படத்துக்கு வீடு வேண்டும், வீடு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் ஒரு நாளைக்குக் கொடுக்கும் வாடகையைப் பார்த்துப் பழகிய பங்காளிகளிடம் போய், கல்லூரிப் பையன் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் என்ன சொல்வார்கள்? ஒருவரைக் கேட்டால் அண்ணனைக் கேட்கணும் என்பார், அண்ணன் ஈப்போவில் இருப்பார். வீட்டுக்காரர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஏற்கெனவே கீறல் பட்ட தரை, எவனை நம்பிச் சாவியைக் கொடுப்பது? ஆகமொத்தம், உலகமே வந்து படமெடுக்கும் வீடுகளுக்கு நடுவில் பிறந்த பிள்ளைகள், பேயைக் கொண்டுபோய்த் தைலமரக் காட்டில் நிறுத்துகிறார்கள். இல்லையென்றால் கண்மாய்க் கரை. கண்மாய்க் கரையில் பேய் நிற்கலாம், ஆனால் பகலில் மாடு மேய்க்கிறவர்கள் வந்து பேயிடம் நேரம் கேட்கிறார்கள்.

போன வருஷம் ஒரு பெரிய படத்துக்கு இங்கே ஒரு வீட்டில் ஷூட்டிங். படத்தின் பெயரும் கம்பெனிப் பெயரும் எதற்கு? நல்ல மனிதர்கள்தான். வளவு முற்றத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிவிடுகிற காட்சி. மேலே திறந்த முற்றத்திலிருந்து வெயில் நேராகத் தரையில் இறங்க வேண்டும் என்று கேமராமேன் ஆசைப்பட்டார். ஒன்பது மணிக்குத் தண்டவாளம் போட்டார்கள், பத்துக்குப் பாட்டிக்கு மேக்கப். என்னிடம் தொழில் பழகுகிற பையன் ஒருவன் கேபிள் சுருட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். அவன் அந்த வளவில் என்னோடு கல்யாணம் எடுத்தவன். உதவி இயக்குநரிடம் மெல்லப் போய், “அண்ணே, ஐப்பசிக்கு அப்புறம் வெயில் சாஞ்சிரும். வளவுக்குள்ள தரையில விழாது, வடக்குத் தூண்ல பாதி வரைக்கும்தான் வரும். அதுவும் பதினொன்றரை தாண்டினா மேல ஏறிரும். பாட்டிய அந்தத் தூண்கிட்ட ஒக்கார வைங்க” என்றிருக்கிறான். தம்பி, ஓரமா நில்லு என்று பதில் வந்தது. நடந்தது அவன் சொன்னதுதான். முற்றத்தின் நடுவில் பாட்டியும் பேத்தியும் நிழலில், வெயில் தூணில். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் பெரிய லைட்டை ஏற்றி, வெள்ளைத் துணி கட்டி, வெயிலைச் செய்தார்கள். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரை நாள் போயிற்று. ஒரு பெரிய யூனிட்டின் அரை நாள் என்றால் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது, உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தெரியும்.

தாலி கட்டுகிற நேரத்தை ஐயர் குறிப்பார், வெயில் நமக்காகக் காத்திருக்காது. அதனால் எந்த வீட்டு வளவில் எந்த மாதம் எந்தத் தூணில் வெளிச்சம் விழும் என்பது கல்யாண வீடியோக்காரனுக்குப் பாடமாகவே இருக்கும். கொப்புடையம்மன் தேரோட்டத்துக்கு எந்த மாடியில் ஏறினால் முழுத் தெருவும் கிடைக்கும், மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம் வரும்போது எந்த வாரம் ஷூட்டிங் வைத்தால் வண்டியே நகராது, எந்த வீட்டுச் சாவி எந்த வேளாரிடம் இருக்கிறது, எல்லாம் பையன்களுக்கு அத்துப்படி. நீங்கள் இதற்கெல்லாம் லொகேஷன் மேனேஜர் என்று ஒருவரைச் சென்னையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். அவர் வந்து டீக்கடையில் விசாரிக்கிறார். டீக்கடையில் பதில் சொல்வது எங்கள் பையன்.

சரி, என்னதான் கேட்கிறாய் என்பீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் இங்கே இருக்கிற நாட்களுக்கு மட்டும், உங்கள் யூனிட்டில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நிற்க அல்ல, கேபிள் சுருட்டவும் அல்ல. ஒருவர் இயக்குநர் பக்கம், ஒருவர் கேமரா பக்கம். மானிட்டருக்குப் பின்னால் நின்று பார்க்க விடுங்கள், கிளாப் அடிக்கச் சொல்லுங்கள், கன்டினியூட்டி எழுதச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குத் தருகிற பேட்டாவை இவர்களுக்கும் தாருங்கள். சும்மா வந்து நிற்கச் சொன்னால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். சங்க விதி இருக்கிறது, அட்டை இல்லாதவரை வேலைக்கு வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சங்கத்துக்காரர்களின் வயிற்றில் அடித்துத்தான் எங்கள் பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சிக்கு வந்தவர் என்று எழுதிக்கொள்ளுங்கள், சங்கத்தோடு பேசி ஒரு வழி பண்ணுங்கள். நடிகரின் நாய்க்கு அறை போட வழி கண்டுபிடிக்கிற மேனேஜர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

படத்தின் முடிவில் ஓடுகிற பெயர்களில் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் போடுங்கள். ஊர்ப் பெயரையும், எடுத்த ஊர் என்று. கதையில் அது மதுரையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியம், ஏனென்றால் இதில் உங்களுக்குச் செலவே இல்லை. நீங்கள் வீட்டை நாள் கணக்கில் எடுக்கிறீர்கள். பல நாள் நாலு மணிக்கே பேக்கப் ஆகிவிடுகிறது. கதாநாயகனுக்கு விமானம், மதுரைக்கு ஓடுகிறார். லைட் இறக்க ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு ராத்திரி பத்து மணி வரை வீடு உங்கள் வாடகையில் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தை எங்கள் பையன்களுக்குக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போடும்போதே இதை ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு தகராறு இல்லை. பொறுப்புக்கு நான் நிற்கிறேன், இன்னும் இரண்டு மூன்று ஸ்டுடியோக்காரர்கள் நிற்பார்கள். எங்களை இந்த ஊர் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தையே எங்கள் கையில் கொடுத்தவர்கள். ஒரே ஒரு லைட்டை விட்டுப்போனீர்கள் என்றால் புண்ணியம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பேய்க்கு வெளிச்சம் குறைவாகத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகளில் பலர் உங்கள் வீட்டுக் காவல்காரர் பேரன், உங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றியவர் மகன். தரையை எப்படி மிதிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மாலேகாவ் என்ற ஊரை ஞாபகப்படுத்துகிறேன். மகாராஷ்டிரத்தில் விசைத்தறி ஊர். சினிமாவுக்கு அங்கே ஆள் கொடுத்த வரலாறெல்லாம் கிடையாது. வீடியோ பார்லர் நடத்திக்கொண்டிருந்த நாசிர் ஷேக், தறி ஓட்டுகிறவர்களை நடிக்க வைத்து 2000-ஆம் ஆண்டில் ‘ஷோலே’யைக் கேலி செய்து ஒரு படம் எடுத்தார். ஊரே பார்த்தது. பிறகு அந்த ஊர்க்காரர்கள் சூப்பர்மேனையே தறிக்கூடத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது. 2024-ல் பம்பாய்க்காரர்கள் அவர்கள் கதையையே இந்திப் படமாக எடுத்தார்கள். எங்கள் ஊரில் இருப்பது போல அங்கே ஆயிரம் ஜன்னல் வீடு இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் எடுத்ததை ஊருக்குக் காட்ட ஒரு திரை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்கு அந்தத் திரைதான் இல்லை. தியேட்டரில் போட வேண்டுமென்றால் சென்சார் சான்றிதழ் வேண்டும், அதற்குச் சென்னைக்கு அலைய வேண்டும், பத்து நிமிஷப் படத்துக்கு யார் அலைவார்கள்? யூடியூபில் போடுகிறார்கள். போனில் பார்த்து ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். படம் எடுத்தவன் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்க்காமல் அவன் எப்படித் தேறுவான்?

ஒரு தடவை, தெரிந்த குடும்பம் ஒன்று சம்மதித்து, பின்கட்டில் போட்டுக் காட்டினோம். கல்யாணத்துக்குப் பந்தியில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள், என் புரொஜெக்டர், திரைக்கு இரண்டு எட்டு முழ வேட்டியைச் சேர்த்துத் தைத்தது. காற்றடித்தால் கதாநாயகனுக்குத் தொப்பை வந்து போகும். அழைத்தது தெரிந்தவர்களை மட்டும், வந்தது தெருவே. இட்லிக் கடை அக்கா திரையில் வந்து மகனைத் திட்டுகிற இடத்தில், முன்வரிசையிலிருந்த அவர் வீட்டுக்காரர், “இது நடிப்பே இல்லப்பா, தெனமும் இப்படித்தான்” என்றார் பாருங்கள், வசனம் எழுதியவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேய் வருகிற இடத்தில் குழந்தைகள் கத்தவில்லை, சிரித்தார்கள். அன்றைக்கு ராத்திரியே அந்தக் காட்சியை மறுபடி வெட்டினார்கள். அடுத்த தடவை போட்டபோது ஒரு குழந்தை அழுதது. அவர்களுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

உங்களிடம் திரை கேட்கவில்லை. அதை மாநகராட்சியிடம் தனியாகக் கேட்கிறோம். 2024-ல் மாநகராட்சி ஆன ஊர், மாதம் ஒரு சாயங்காலம் ஒரு கூடத்தைத் திறந்துவிட முடியாதா என்ன. உங்களிடம் கேட்பது, நீங்கள் இங்கே இருக்கிற ஒரு சாயங்காலம் வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருங்கள். அரை மணி நேரம். கேமராமேன் வந்தால் போதும், எடிட்டர் வந்தால் இன்னும் நல்லது. செல்ஃபிக்கு யாரும் மொய்க்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். படம் மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், எங்கே மோசம் என்றும் சொல்லுங்கள். பாராட்டுக்கு எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். தப்பைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

முடிந்தால், இங்கே எடுத்த படத்தை வெளியிடுகிற வாரம் ஒரு காட்சியை இங்கே வந்து எங்களோடு பாருங்கள். எந்தத் தெரு, எந்தத் திண்ணை, யார் வீட்டு ஊஞ்சல் என்று கூட்டம் கூவும். நீங்கள் எழுதாத வசனத்துக்கெல்லாம் கைதட்டல் கிடைக்கும். 2000-ல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் செட்டிநாட்டு வீடு வருகிற காட்சிகளுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் கதையை விட்டுவிட்டுக் கதவுச் சிற்பத்தைப் பற்றி விவாதம் செய்துகொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு ரசிகர் கூட்டம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

ஆள் வேண்டும் என்றால் தேடி அலைய வேண்டாம். எழுதத் தெரிந்தவர், கேமரா பிடிக்கத் தெரிந்தவர், சவுண்டு தெரிந்தவர் (இது ஒருவர்தான், அவரும் பரீட்சை நேரத்தில் கிடைக்க மாட்டார்), செட்டிநாட்டுப் பேச்சை நடிகர்களுக்குச் சொல்லித்தரக்கூடிய ஆச்சிமார் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி எந்த வீடியோ கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆச்சிமாரை மட்டும் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கள் பேச்சை உங்கள் நடிகர்கள் பேசுகிற லட்சணத்தைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம்.

அடுத்த ஷெட்யூல் எப்போது என்று முடிவானால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். தை மாதம் மட்டும் வேண்டாம். முகூர்த்தம் அதிகம், பங்காளிகள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள், வீடு கிடைக்காது. பையன்களும் கிடைக்க மாட்டார்கள், என்னோடு கல்யாண வேலையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரன்